எந்தப் பக்கம் நிற்பது?

அமெரிக்காவில் உள்ள கிரீன் பே ஒரு சிறிய நகரம். அந்நகரின் அமெரிக்கக் காற்பந்துக் குழுவான பேக்கர்சுக்குத் தனி முதலாளி இல்லை. இரசிகர்களே அதன் பங்குதாரர்கள். அக்குழுவில் 1992 முதல் 16 பருவங்கள் விளையாடியவர் பிரெட் ஃபார்வ். பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்துவது அவரது பொறுப்பு.

2008 மார்ச்சில் அவர் கண்ணீர் மல்க ஓய்வை அறிவித்தார். சில மாதங்களிலேயே மீண்டும் விளையாட விரும்பினார். அதற்குள் குழு அவரது இடத்தை இளம் ஆட்டக்காரரான ஏரன் ரோஜர்சுக்கு அளித்துவிட்டது. அதனால், ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். மறுபடியும் ஓய்வு பெற்றார்; மறுபடியும் திரும்பினார். இம்முறை அவர் சேர்ந்தது பேக்கர்சின் பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸ் குழுவில்!

2009 நவம்பர் 1ஆம் நாள், எதிரணியின் சீருடையில் அவர் கிரீன் பேயின் லாம்போ அரங்கினுள் நுழைந்தார். முன்பு அவரைக் கண்டு ஆர்ப்பரித்த அரங்கம், அன்று கேலிக்கூச்சல் எழுப்பியது. எனினும், வைக்கிங்ஸ் 38-26 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது.

யார் மீது தவறு? குழு தன் எதிர்காலத்தை எண்ணியது. ஃபார்வ் தமக்கு எஞ்சியிருந்த ஆட்ட நாள்களை எண்ணினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இடையில் தவித்தவர்கள் இரசிகர்களே.

காலம் கோபத்தைத் தணித்தது. 2015 ஜூலையில், ஃபார்வின் 4ஆம் எண்ணை இனி எவரும் அணியாதவாறு பேக்கர்ஸ் குழு அவரைச் சிறப்பித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் அதே அரங்கில் திரண்டு அவரை வாழ்த்தினர்.

2009இல் நீங்கள் அங்கு இருந்திருந்தால், யாருக்குக் கைதட்டியிருப்பீர்கள்? ஏன்?