கண் வீங்கிய கோழிக்குக் குளிசை வாங்க முன்

வடகீழ்ப் பருவமழை தொடங்கி இரண்டு மூன்று வாரம் சென்றால் கற்பிட்டி, ஆலங்குடா, பாலாவி, முந்தல் பக்கங்களிலிருந்து ஒரே கேள்விதான் வரும். "கோழிக்குக் கண் வீங்கி மூக்கால தண்ணி வடியுது, என்ன குளிசை கொடுக்கலாம்?" கோழித் தீவனமும் முட்டையும் கொடுக்கல் வாங்கல் செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நான் மிருக வைத்தியர் அல்லன். ஆனால் இந்தக் கேள்வியின் பின்னால் எவ்வளவு பணம் வீணாகிறது என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆகவே இவ்வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எமது கரையோரத்தில் பத்துப் பதினைந்து கோழி என்பது சிறிய விடயமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய குடும்பங்களிலும் சரி, இவ்வூர்க் குடும்பங்களிலும் சரி, கணவனின் கையை எதிர்பாராமல் பெண்கள் கையில் புழங்கும் காசு பெரும்பாலும் முட்டைக் காசுதான். பிள்ளையின் கொப்பி, சீட்டுக் காசு எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. கண் நோய் வந்த கூட்டில் முட்டை 10 முதல் 40 வீதம் வரை குறைந்துவிடும். இளங்குஞ்சுகளின் வளர்ச்சியும் நின்றுவிடும்.

பாமசியில் அமொக்சிசிலின் வாங்கி, கூட்டைப் பிரித்துத் தூளைச் சோற்றில் உருட்டிக் கொடுப்பதுதான் இங்கு வழமை. கண் வீக்கமும் சளியும் ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம் என்பதே இதிலுள்ள சிக்கல். ஒன்றுக்குப் பலிக்கும் மருந்து மற்றொன்றுக்குச் சற்றும் பலிக்காது.

கொரைசா என்ற நோயை மூக்கால் அறியலாம். முகம் பொம்மிவிடும், கண் ஒட்டிக்கொள்ளும், மூக்கிலிருந்து வடிவது துர்நாற்றம் வீசும். ஒரு கோழிக்கு வந்து மூன்று நாளுக்குள் கூட்டில் பாதிக்கு வந்துவிடும். இது பற்றீரியாவால் வருவது. சல்பா, எரித்ரோமைசின், ஒக்சிரெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுக்குக் கேட்கும்.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாட்பட்ட சளி வேறு விதம். அது வாரக்கணக்கில் மெல்லப் பரவும். கண்ணோரத்தில் நுரை கட்டும். இரவில் கோழிகள் அடைந்த பின் விளக்கில்லாமல் கூட்டருகே நின்று காதுகொடுத்தால் கரகரவென்ற மூச்சு கேட்கும். அமொக்சிசிலின் கிருமியின் புறச்சுவரை உடைத்துக் கொல்லும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. பிறகு எதை உடைப்பது? அந்தக் குளிசைக்குக் கொடுத்த காசு களப்பில் போட்ட காசுதான்.

ராணிக்கெட் என்றும் நியூகாசில் என்றும் சொல்லப்படுவது வைரஸ். மூச்சிரைப்பு, பச்சைக் கழிச்சல், கழுத்து முறுகல், அடுத்தடுத்து மரணம் என்று வரும். எந்தக் குளிசையும் இதற்குக் கேட்காது, தடுப்பூசி மட்டுமே வழி. கோழி அம்மையும் வைரஸ்தான். கொண்டையிலும் இமையிலும் பொருக்கு இருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். நுளம்புதான் அதைக் காவுகிறது, மழைக்காலத்தில் எமது களப்போரத்தில் நுளம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு கண்ணை மட்டும் கோழி ஓயாமல் சொறிந்தால் உள்ளிமையைத் தூக்கிப் பாருங்கள். நூல் போன்ற கண்புழு இருக்கலாம். கரப்பான் பூச்சியைத் தின்பதால் வருவது அது.

கிருமியே இல்லாத கண் நோயும் உண்டு. நெல்லுக் குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ குறைந்து, கண்ணுக்குள் வெண்ணிறக் கட்டி திரளும், நாற்றம் இராது. வேலியில் நிற்கும் முருங்கையை ஒடித்துத் தினமும் கூட்டில் கட்டித் தொங்கவிட்டாலே இது வராது. எமது பகுதியில் இன்னொரு பழக்கம், கருவாட்டுத் தலையும் கழிவும் போடுவது. உப்பு மிகுந்தால் கோழி அதிகம் தண்ணீர் குடிக்கும், எச்சம் இளகும், கூட்டுத் தரை ஈரமாகும், ஈர எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். மழைக்குப் பொலித்தீன் சுற்றி அடைத்த கூடென்றால் அந்தக் காரம் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துக் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும். காலையில் கூட்டைத் திறந்தவுடன் உங்கள் கண் எரிந்தால் கோழியின் கண்ணும் இரவு முழுக்க எரிந்திருக்கிறது. பொலித்தீனை மேற்பகுதியில் ஒரு முழம் திறந்துவிடுங்கள். தும்புத் தூளை உலர்த்திப் பரப்பி, நனைந்ததை அள்ளிவிடுங்கள். பல கூடுகளில் பாதி நோய் இதோடு அடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

நோய் வந்த கோழியை அன்றே பிரித்து, காற்றுக்குக் கீழ்ப்புறமாக, உலர்ந்த இடத்தில் வையுங்கள். நல்ல கோழிகளின் வேலையை முடித்த பின்னரே அதனிடம் செல்லுங்கள். கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பஞ்சால் கண்ணை ஊறவைத்துத் துடையுங்கள். தேசிக்காய்ச் சாறு, புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிய மனிதருக்கான கண் துளி மருந்தும் வேண்டாம், ஸ்டீரொயிட் கலந்ததென்றால் நோயை முற்றவைத்துவிடும். கண் தெரியாத கோழி நோயால் சாவதற்கு முன் பசியால் செத்துவிடும். மென்மையான தீனியைக் கையாலேயே ஊட்டுங்கள்.

பிறகு அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மருந்தும் அளவும் நாட்களும் அவர் சொல்வதுதான். நான் சொல்வது தண்ணீரைப் பற்றி மட்டும். அருவக்காட்டில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டும் மாவட்டம் இது, பல கிணறுகளின் நீர் கடினமானது. ஒக்சிரெட்ராசைக்கிளின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்துவிட்டால் கோழியின் உடலில் சேராது. மழைநீரிலோ கடினமில்லாத நீரிலோ கரைத்து, தினமும் புதிதாகக் கொடுங்கள். மருந்து நீர் இருக்கும்போது வேறு நீர் வைக்காதீர்கள். இரண்டு நாளில் கண் திறந்துவிட்டதென்று மருந்தை நிறுத்தாதீர்கள்.

மருந்து கொடுக்கும் நாட்களிலும், லேபலில் குறித்த காலம் முடியும் வரையும் அந்த முட்டையை விற்கவும் கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. கோழிக்குக் கொடுக்கும் என்ரோபுளொக்சசின் மருந்தால் மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் மருந்துக்கு அடங்காமல் போகின்றன என்று 2005இல் அமெரிக்கா அதைக் கோழிகளுக்குத் தடைசெய்தது. ஆகவே "பவர் கூடின மருந்து" என்று கேட்டு வாங்காதீர்கள்.

வியாபாரத்தில் மிக முக்கியமான இடம் இனித்தான் வருகிறது. கண் வீங்கிய கோழியை அவசரமாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. கொரைசாவிலிருந்து தேறிய கோழியும் மைக்கோபிளாஸ்மாவிலிருந்து தேறிய கோழியும் பார்வைக்கு நல்ல கோழிதான், ஆனால் கிருமியைக் காவிக்கொண்டே இருக்கும். அதை உயிரோடு விற்பது அயலவரின் கூட்டில் நோயை விதைப்பதாகும். நனைந்த தானியத்தைக் குவியலின் உள்ளே மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. மருந்தின் காலம் கழிந்த பின் அறுத்து உண்ணலாம், அல்லது முட்டைக்காகத் தனியே வைத்துக்கொள்ளலாம். கொரைசா முட்டை வழியே குஞ்சுக்குப் போகாது. ஆகவே அம்முட்டைகளை வேறு நல்ல கோழியின் கீழ் அடைவைத்து, குஞ்சுகளைப் புறம்பாக வளர்த்து, புதிய கூட்டம் ஒன்றை உண்டாக்கலாம். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகவே போகும், அம்முட்டையை அடைவைக்க வேண்டாம். எந்த நோய் என்று தெரிந்துகொள்வதன் பெறுமதி இங்குதான் புரியும்.

ஒரே நாளில் பல கோழிகள் சுருண்டு விழுந்தால் குளிசையைத் தேடாமல் மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்கும் களப்புக்கும் வெளிநாட்டுப் பறவைகள் வந்துபோகும் மாவட்டத்தில் இருக்கிறோம். செத்த கோழியைக் களப்பிலோ வேலிக்கு அப்பாலோ வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.

ராணிக்கெட் தடுப்பு மருந்தை வீட்டுக் கோழிக்குக் கண்ணில் ஒரு சொட்டாகவே விடலாம். ஆனால் ஒரு குப்பியில் 100 கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான மருந்து இருக்கும், கரைத்த பின் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் நட்டம். பத்து வீட்டார் சேர்ந்து, மகளிர் சங்கமோ மஹல்லாவோ ஒரு நாளைக் குறித்து, மழைக்கு முன்பே மிருக வைத்திய அலுவலகத்தில் சொல்லிவைத்தால் ஒரு கோழிக்கு விழும் செலவு ஒரு முட்டையின் விலைக்கும் கீழேதான். மருந்தை ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்து வாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். ஏற்கெனவே நோயுற்ற கோழிக்குப் போடாதீர்கள். போட்டவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவும் வரை தம் கண்ணைத் தொட வேண்டாம், அம்மருந்து மனிதரின் கண்ணையும் சிவக்கச் செய்யும்.