டாக்டரின் பதிவு எண்ணைப் படிப்போம்

(புற்றுநோய், ரத்தநோய் மருத்துவர்களைப் பற்றி அரசு வெளியிடும் தகவல்கள்: ஒரு பாடம்)

முன்னுரை

லேபில் முதல் வாரமே நமக்குச் சொல்லித் தருகிற விஷயம் ஒன்று உண்டு. வோல்ட் மீட்டர் வோல்டேஜை மட்டும்தான் காட்டும். அதைப் பார்த்து "கரண்ட் எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டால் மீட்டர் என்ன செய்யும்? அரசாங்கம் மக்கள் பார்வைக்கு வைக்கிற பதிவேடுகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தயாரிக்கப்பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டால் சரியான விடை வரும். வேறு கேள்வி கேட்டால் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம்.

இதை ஏன் ஆண்டு மலரில் எழுத வேண்டும்? ஒரு வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்தால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். தெரிந்தவர் ஒருவர், "அந்த டாக்டர் கைராசிக்காரர், அங்கே போங்க" என்பார். நகை அடகுக்குப் போகும், அடுத்து நிலம் போகும். அந்த டாக்டர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. அந்த வீட்டில் டிப்ளமா படிக்கிற பிள்ளை இருந்தால், பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

எந்த நோய்க்கு எந்த டாக்டர்?

பதிவேட்டைத் திறக்கும் முன் பட்டங்களின் அர்த்தம் தெரிய வேண்டும். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். 3 ஆண்டு. அதற்கும் மேல் டி.எம். அல்லது எம்.சி.எச். 3 ஆண்டு. புற்றுநோய் டாக்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல பிரிவுகள் இருக்கு.

கட்டியை அறுத்து எடுப்பவர் எம்.சி.எச். சர்ஜிகல் ஆன்காலஜி படித்தவர். நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை தருபவர் எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி படித்தவர். கீமோ மருந்து தருபவர் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி. ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கு டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி.

கடைசி இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும். லுக்கீமியா, லிம்போமா, மைலோமா மூன்றும் ரத்தத்திலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும் எலும்பு மஜ்ஜையிலும் வருகிற புற்றுநோய்கள். இவற்றை இரண்டு பிரிவினரும் பார்ப்பார்கள். தலசீமியா, ஹீமோபிலியா ரத்தநோய்கள்தான், ஆனால் புற்றுநோய் அல்ல. அமெரிக்காவில் இரண்டு பாடங்களையும் சேர்த்தே பயிற்சி தருவது வழக்கம். அதனால்தான் அங்கே "கேன்சர் மற்றும் ரத்தநோய் நிபுணர்" என்று ஒரே பெயரில் போர்டு இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அங்கே 1984ல் டி.எம்., எம்.சி.எச். புற்றுநோய்ப் படிப்புகள் ஆரம்பமாயின. அடி அண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிற வேலூர் சி.எம்.சி.யில் 1986ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது.

நம் நாட்டுப் பதிவேடு

டாக்டர்களைப் பதிவு செய்யும் முறை நமக்குப் புதிதல்ல. 1914ஆம் ஆண்டு சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தில் பிறந்ததுதான் இன்றைய தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். நாடு முழுமைக்கும் இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. மாநிலப் பதிவேடுகளைச் சேர்த்த இந்தியப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேடு என்ற புதிய ஏற்பாடும் தொடங்கப்பட்டது. பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம்.

தேடுவதற்கு எண் வேண்டுமே, அது எங்கே கிடைக்கும்? 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் போட வேண்டும். ஆக, வீட்டில் கிடக்கும் பழைய சீட்டே போதும். அந்த எண்ணைக் கொடுத்தால் பெயர், பதிவு செய்த ஆண்டு, எந்த மாநிலக் கவுன்சில், என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் என்று வரும்.

ஒரு எச்சரிக்கை. மேற்படிப்பைக் கூடுதல் தகுதியாகத் தனியே பதிவு செய்ய வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் தெரிந்தால் "போலி டாக்டர்" என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கவுன்சிலில் விசாரிக்க வேண்டும். சித்த மருத்துவர்களுக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது, அவர்களை அங்கேதான் தேட வேண்டும்.

இன்னொன்று. பௌர்ணமி கிரிவலத்தன்று கையில் எத்தனையோ நோட்டீஸ் வந்து விழும். "புற்றுநோய் முற்றிலும் குணமாகும்" என்று எந்த நோட்டீஸிலாவது இருந்தால், பதிவேட்டைக்கூடத் தேட வேண்டாம். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டம் இப்படி மருந்து விளம்பரம் செய்யத் தடை விதித்துள்ள நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கு.

பத்து இலக்கத்தில் ஒரு கணக்கு

டாக்டர்களைப் பற்றிய தகவலை வெளியிடுவதில் அமெரிக்க மத்திய அரசு நம்மைவிட வெகுதூரம் போயிருக்கிறது. அதைப் பார்த்தால் நம் பாடம் இன்னும் தெளிவாகும்.

அங்கே டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் என்.பி.ஐ. என்ற 10 இலக்க எண் தருகிறார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் வந்த இந்த எண், 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பெயர், கிளினிக் முகவரி, போன், என்ன பிரிவு என்பதெல்லாம் பொதுவில் கிடைக்கும்.

அந்த 10வது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். கணினிப் பிரிவு நண்பர்கள் பேனாவை எடுங்கள். மாதிரி எண் 123456789. வலப்பக்கமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக 9, 7, 5, 3, 1 ஆகியவற்றை இரட்டிப்பாக்கினால் 18, 14, 10, 6, 2. இவற்றின் இலக்கங்களைத் தனித்தனியே கூட்டினால் 9+5+1+6+2 = 23. இரட்டிப்பாகாத 8, 6, 4, 2 சேர்ந்து 20. இந்த எண்ணுக்கு முன்னால் இருப்பதாகக் கருதப்படும் 80840 என்ற முன்னொட்டுக்காக எப்போதும் 24 சேர்க்க வேண்டும். மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கு 70. குறைவது 3. எனவே முழு எண் 1234567893.

டைப் செய்பவர் 8, 9 இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் கூட்டுத்தொகை 66 ஆகி, கடைசி இலக்கம் 4 வர வேண்டும். இருப்பது 3. தப்பு உடனே பிடிபடும். இது ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த லூன் என்பவரின் முறை. முன்னொட்டுக் கணக்கு நீங்கலாக, உங்கள் ஏ.டி.எம். கார்டிலும் இதே முறைதான்.

சரி, கணக்கு பொருந்திவிட்டது. டாக்டர் நல்லவரா? கணக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எண்ணை எழுதியதில் தப்பில்லை. இந்த எண் வழங்கப்பட்டதாலேயே ஒருவருக்கு லைசென்ஸோ தகுதியோ இருக்கிறது என்று உறுதியாகாது என அந்த அரசே அறிவித்திருக்கிறது. எந்தப் பிரிவு நிபுணர் என்பதும் விண்ணப்பிப்பவர் தானே குறிப்பிடுவதுதான். இந்த விஷயத்தில், கவுன்சில் சான்றிதழ் பார்த்து ஏற்றுகிற நம் பதிவேட்டுக்குத்தான் எடை அதிகம்.

பணக் கணக்கை எப்படிப் படிப்பது?

65 வயதானவர்களுக்கும் சில ஊனமுற்றோருக்கும் அமெரிக்க அரசு நடத்தும் காப்பீடு மெடிகேர். அதில் ஒவ்வொரு டாக்டருக்கும் எவ்வளவு பணம் போனது என்ற விவரம் 2014 ஏப்ரல் 9 அன்று முதன்முதலாகப் பெயர்வாரியாக வெளிவந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கு அது. 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களும் பிற சிகிச்சையாளர்களும், சுமார் 7,700 கோடி டாலர். இதை வெளியிட 1979 முதல் கோர்ட்டுத் தடை இருந்தது. அது நீங்கியதே 2013ல்தான்.

பட்டியலில் ஒரு கேன்சர் டாக்டர் பெயருக்கு நேரே பெரிய தொகை இருந்தால், "அடேயப்பா, எவ்வளவு சம்பாதிக்கிறார்!" என்று தோன்றும். அங்கேதான் வோல்ட் மீட்டரை நினைக்க வேண்டும். கிளினிக்கில் ஏற்றும் கீமோ மருந்தை அந்த டாக்டரே வாங்கி வைக்கிறார். மருந்தின் சராசரி விற்பனை விலையும் அதற்கு மேல் 6 சதவீதமும் என்பது 2005 முதல் வந்த சட்டக் கணக்கு. ஒரு மருந்தின் விலை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 10,600 ஏறும். அதில் 10,000 மருந்து வாங்கிய இடத்துக்குப் போய்விடும்.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 6 சதவீதம் என்றால் 100 டாலர் மருந்தில் 6 டாலர், 10,000 டாலர் மருந்தில் 600 டாலர். விலை கூடிய மருந்தை எழுதினால் வரவும் கூடும். இது ஒரு டாக்டரின் தப்பு அல்ல, அமைப்பில் இருக்கிற இழுப்பு.

பட்டியலில் வராததும் உண்டு. தனியார் காப்பீட்டு நோயாளிகளின் கணக்கு அதில் இல்லை. 10 அல்லது அதற்குக் குறைந்த நோயாளிகள் உள்ள வரிகளை அந்தரங்கம் காக்க நீக்கிவிடுகிறார்கள். நோயாளிகள் குணமானார்களா என்ற கேள்விக்கு அதில் விடையே கிடையாது.

பதிவேடு கண்டுபிடிக்காத குற்றம்

மிச்சிகன் மாநிலத்தில் ஃபரீத் ஃபத்தா என்ற புற்றுநோய், ரத்தநோய் நிபுணர் இருந்தார். லைசென்ஸ் உண்டு, பட்டம் உண்டு, எண் உண்டு. எந்தப் பதிவேட்டில் தேடினாலும் சரியாகவே இருந்திருப்பார். ஆனால் புற்றுநோயே இல்லாதவர்களுக்கும், தேவைக்கு மேலும் கீமோவும் பிற மருந்துகளும் ஏற்றி, காப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். 2010ல் ஒரு நர்ஸ் மாநில அரசுக்குப் புகார் அனுப்பினார். தவறு எதுவும் தெரியவில்லை என்றுதான் பதில் வந்தது. 2013ல் அதே கிளினிக்கில் வேலை செய்த இன்னொரு டாக்டர், கால் முறிந்து சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் கேஸ் ஷீட்டைப் படித்தார். அந்தப் பெண்ணுக்கு கீமோ ஆரம்பமாகியிருந்தது, ஆனால் புற்றுநோய்க்கான ஆதாரமே இல்லை. விஷயம் கிளினிக் மேலாளர் மூலம் மத்திய அரசுக்குப் போனது. ஆகஸ்டில் கைது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு 2015 ஜூலையில் 45 ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டதாகக் கண்டறியப்பட்டவர்கள் 553 பேர்.

பணப் பட்டியல் அப்போதே வெளியாகியிருந்தாலும், பெரிய தொகை கேன்சர் டாக்டர்களுக்கு சகஜம் என்று தாண்டிப் போயிருப்பார்கள். குற்றத்தைக் காட்டியது ஒரு நோயாளியின் ஃபைல். அதைத் திறந்து படித்த ஒரு மனிதர். இதுதான் இந்தப் பாடத்தின் மையம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மருந்துச் சீட்டில் உள்ள பதிவு எண்ணைப் பதிவேட்டில் பாருங்கள். போர்டில் இருக்கிற பட்டமும் பதிவேட்டில் இருக்கிற பட்டமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

2. "என்ன வகைப் புற்றுநோய், எந்த நிலை, இந்த மருந்து குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார்.

3. பயாப்சி ரிப்போர்ட்டின் நகல் வாங்குங்கள். ரிப்போர்ட் வராமல் கீமோ என்றால், ஏன் என்று காரணம் கேளுங்கள்.

4. வேறு இடத்தில் கருத்துக் கேட்க வேண்டுமானால், பயாப்சி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியில் வைத்திருக்கும் சதைத் துணுக்கையும் கேட்டு எடுத்துப் போங்கள். திரும்பவும் ஊசி போட்டுச் சதை எடுக்கும் வலி மிச்சமாகலாம்.

5. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி எந்தெந்தச் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நமக்கு வேண்டிய பிரிவு இருக்க வேண்டும். கையில் காசில்லை என்றால் நிலத்தை விற்கும் முன் இதைப் பாருங்கள்.

6. உள்நோயாளி ஃபைலின் நகலை எழுதிக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டு அதைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் சாக்காக வைத்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். எல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. லுக்கீமியா போன்ற சில நோய்களில் ஒரு வாரம்கூடப் பெரிய காலம்.

முடிவுரை

ஒரு பதிவேடு கையில் கிடைத்தால் மூன்று கேள்வி கேட்போம். எதை எண்ணினார்கள்? யார் எழுதினார்கள்? எதை விட்டார்கள்? பதிவு எண் தகுதியைச் சொல்லும். சரிபார்ப்பு இலக்கம் எழுத்துப் பிழையைச் சொல்லும். பணப் பட்டியல் அரசு கொடுத்த தொகையைச் சொல்லும். நம் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ என்ன நடக்கிறது என்பதை அவர்கள் ஃபைல் மட்டும்தான் சொல்லும். அதை வாங்கிப் படிக்கிற பொறுப்பு, வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நமக்கு இருக்கு.

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்
அடி அண்ணாமலை