9 ஜி: போர் விமானம் எவ்வளவு தாங்கும்?

மாணவர்களே, கிள்ளானில் பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் வளைவில் திருப்பியதும் உடல் ஒரு பக்கம் சாய்கிறது; கம்பியை இறுகப் பிடிக்கிறீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் (விநாடிக்கு 10 மீட்டர்), 40 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 2.5. இது புவியீர்ப்பு முடுக்கமான 9.8இல் ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 0.25 ஜி. அதற்கே நாம் தடுமாறுகிறோம்!

இப்போது போர் விமானத்துக்கு வருவோம். மணிக்கு 900 கிலோமீட்டர் (விநாடிக்கு 250 மீட்டர்) வேகத்தில் அது 1 கிலோமீட்டர் ஆரத்தில் திரும்பினால் முடுக்கம் 62.5, சுமார் 6.4 ஜி. 50 கிலோ எடையுள்ள மாணவர் அந்த இருக்கையில் இருந்தால், தம் எடை 300 கிலோவைத் தாண்டிவிட்டதாக உணர்வார்.

சுதந்திர தின அணிவகுப்பில் விமானங்கள் நேராகப் பறந்து செல்லும்போது விமானி உணர்வது 1 ஜி மட்டுமே. லங்காவி லீமா கண்காட்சியில் சுழன்று திரும்பும்போதுதான் ஜி ஏறுகிறது.

உடல் எங்கே தோற்கிறது?

இதயத்திலிருந்து மூளை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற, ஒவ்வொரு ஜிக்கும் சுமார் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. இதயம் தரும் அழுத்தம் 120 என்றால், 5 ஜியில் அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். முதலில் பார்வை மங்கும். பிறகு நினைவு தப்பும். இதனால்தான் விமானிகள் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ஜி உடையை அணிகிறார்கள். தசைகளை இறுக்கி மூச்சு விடவும் பயில்கிறார்கள்.

விமானம் எங்கே தோற்கிறது?

நமது ஆகாயப் படையின் சுகோய் எஸ்யு-30 எம்கேஎம் விமானத்தின் எல்லை 9 ஜி. 1997இல் வந்த 8 ஹார்னெட் விமானங்களின் எல்லை 7.5 ஜி. எரிபொருளும் ஆயுதமும் கூடினால் இந்த எல்லை குறையும். ஹார்னெட்டில் விமானி எவ்வளவு இழுத்தாலும் கணினி எல்லையைத் தாண்ட விடாது. ஆனால் உயிராபத்து நேரும்போது, கட்டுப்பாட்டுக் கைப்பிடியில் உள்ள ஒரு சுவிட்சை அழுத்தி அந்தத் தடையைத் தளர்த்தலாம்.

எல்லையைத் தாண்டியதும் விமானம் உடனே உடைந்துவிடாது. பொதுவாக, எல்லையைப் போல் ஒன்றரை மடங்கு சுமையை உடையாமல் தாங்கும்படியே அதை வடிவமைக்கிறார்கள். ஆனால் உலோகம் நிரந்தரமாக வளையலாம், ஆணிகள் தளரலாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். ஆகவே, மிகைச் சுமைக்கு உள்ளான விமானத்தைச் சோதித்த பிறகே மீண்டும் பறக்க விடுவார்கள்.

ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். முதல் வளைப்பில் உடையாத கம்பி, பல வளைப்புகளுக்குப் பின் உடைகிறது. இதுவே உலோகச் சோர்வு.

2007 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் ஓர் எஃப்-15 விமானம் பயிற்சியின்போது வானிலேயே இரண்டாக உடைந்தது. விமானி வெளியேறி உயிர் பிழைத்தார். அவர் எல்லையைத் தாண்டவில்லை. உடலைத் தாங்கும் நீள உத்தரம் ஒன்று, இருக்க வேண்டிய தடிமனைவிட மெல்லியதாகச் செய்யப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் அதில் விரிசல் வளர்ந்திருந்தது. ஜி எல்லை என்பது, ஒவ்வொரு பாகமும் சரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும் எண்.

செய்து பாருங்கள்: மேலே சொன்ன விமானம் அதே வேகத்தில் 500 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் எத்தனை ஜி? அதைச் சுகோய் தாங்குமா?

(விடை: சுமார் 12.8 ஜி. அதன் எல்லையைத் தாண்டிவிடும்; வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும்.)