பட்டு டிசைனும் துடிக்கும் திரையும்

கேள்வி: தாராசுரத்தில் பட்டுச் சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். புது 4கே லேப்டாப்பில் கோடு விழுகிறது. பழைய டிசைன் மென்பொருள் மங்கலாகத் தெரிகிறது. திரையை மாற்றணுமா?

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனில் பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் திரைமேல் பழியில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணையுங்கள். டிவியில் சுத்தமாக இருந்தால் மட்டுமே பேனலையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம்.

மங்கல் வேறு கதை. 4கே திரையில் 3840 × 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள்; ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு. எழுத்து பொடியாகிவிடாமல் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும்போது பழைய மென்பொருள் கலங்கிவிடும். அதன் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி வழியே டிபிஐ அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஜக்கார்டு டிசைனில் ஒவ்வொரு புள்ளியும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடம். அது தெளியும்வரை புட்டாவைத் திருத்தாதீர்கள்.