செயற்கைப் பேச்சு: முக்கியக் குறிப்புகள்

• எழுத்தைக் கருவி பேச்சாக்குவது செயற்கைப் பேச்சு. நாம் பேசுவதைக் கருவி எழுத்தாக்குவது பேச்சுணர்தல். வினாத்தாளில் இரண்டும் அருகருகே வந்தால் பலர் மாற்றிக் குறித்துவிடுகிறார்கள்.

• 1791: வோல்ஃப்காங் வான் கெம்பலன் தமது பேசும் இயந்திரத்தை விளக்கி நூல் வெளியிட்டார். அந்த இயந்திரத்தில் நுரையீரலுக்கு ஈடு துருத்தி. குரல்நாணுக்கு ஈடு, சீவாளி போன்ற அதிர்தகடு.

• 1939: நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'வோடர்'. உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி. ஒருவர் அமர்ந்து விசைகளையும் கால்மிதியையும் இயக்கினால்தான் பேசும்.

• 1976: குர்ஸ்வைல் வாசிப்புக் கருவி. அச்சுப் பக்கத்தைப் பார்வையற்றோருக்கு உரக்கப் படித்தது.

• இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் மூச்சுக்குழாய் அறுவையால் பேச்சை இழந்தார். பிறகு உலகம் கேட்ட அவரது 'குரல்', எம்ஐடி ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் தம் சொந்தக் குரலை அடிப்படையாகக் கொண்டு வடிவமைத்த ஒலியிலிருந்து வந்தது. கிளாட் 1988-இல் மறைந்தார். அதைவிடத் தெளிவான குரல்கள் வந்தபின்னும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. 2018-இல் இறக்கும்வரை அதுவே அவர் அடையாளம். இந்த வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட இடம் இதுதான்.

• 2016: டீப்மைண்டின் 'வேவ்நெட்'. பதிவுசெய்த துண்டுகளை ஒட்டாமல், நரம்பியல் வலையமைப்பின் மூலம் ஒலியலையையே புள்ளி புள்ளியாக உருவாக்கியது.

• தமிழில் உள்ள சிக்கல்: எழுத்து ஒன்று, ஒலி பல. கல், தங்கம், அகல் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கும். எண்களும் அப்படியே. '1947-இல்' என்பதை 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில்' என்று உருபையும் புணர்த்திப் படிக்க வேண்டும். அதனால் உரையைச் சீராக்குவது முதல் படி. ஒலியாக்குவது அடுத்த படி.

• பயன்கள்: ரயில் நிலைய அறிவிப்பு, வழிகாட்டும் செயலி, பேச இயலாதோருக்கான கருவி. எல்லாவற்றிலும் முதன்மையானது, திரையில் உள்ள எழுத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான். 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' என்ற செயற்கைப் பேச்சு மென்பொருள் தமிழும் பேசும். நம்மோடு தேர்வுக்குத் தயாராகும் பார்வையற்ற நண்பர்கள் இப்படிக் கேட்டுத்தான் படிக்கிறார்கள். ஆகவே, குறிப்புகளைப் பகிர்வோர் யூனிகோடில் தட்டச்சு செய்தே பகிருங்கள். பக்கத்தைப் படமெடுத்துப் போட்ட பிடிஎஃப்பில் திரைவாசிப்பானுக்கு வாசிக்க எழுத்தே இருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே அவர்கள் காதில் விழும்.