விஞ்ஞானக் கதை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பது சொல்

போன வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கலைந்த பிறகு நான்கு பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். ஒடுகத்தூரில் விஞ்ஞானக் கதைகள் படிப்பதற்கென்றே ஒரு சிறு வட்டம் தொடங்கியிருக்கிறார்கள். தாங்கள் படித்ததைப் பற்றி ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியபோது பெரியவர் ஒருவர், "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். ரோபோ கதையை விட்டுட்டு வாழ்க்கையைப் படிங்க" என்று சொல்லிவிட்டாராம். ஒருவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பெண் பிள்ளை இனிமேல் இதை வெளியே சொல்லவே போவதில்லை என்றாள். "தாத்தா, இவங்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷம் நின்றவன் நான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்த நாளிலிருந்து இந்தக் கதைகளைப் படிக்கிறேன். அன்றிலிருந்து இந்த ஏச்சையும் கேட்கிறேன். அன்று திண்ணையில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் தரம் பிரியுங்கள்.

ஒரு தோலை விரித்தால் அதில் பல தடங்கள் தெரியும். உண்ணி கடித்த தழும்பும் முள் கீறலும் அந்த உயிர் வாழ்ந்த அடையாளங்கள். கத்திக் காயம் உரித்தவனின் அவசரம். சில கறைகள் வெறும் அழுக்கு, தண்ணீர் பட்டால் போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பவனுக்கு எங்கள் வேலையில் இடமில்லை. உங்களை நோக்கி வரும் சொற்களும் அப்படித்தான். "கதாபாத்திரங்களுக்கு உயிரில்லை" என்பது உண்மையான குறை, உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. "அறிவியல் தவறு" என்பது சரிபார்க்க வேண்டியது. "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்பது அழுக்கு. பதில் சொல்வதற்கு முன் எது எந்த வகை என்று கையால் தடவிப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

2. மட்டமான கதையைக் காட்டினால், மட்டம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் தியடோர் ஸ்டர்ஜன் 1958-ல் எழுதிய ஒரு குறிப்பு, இந்தக் கதைகளை நேசிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. இருபது ஆண்டுகளாக விஞ்ஞானக் கதைகளுக்காக வாதாடிக் களைத்தவர் அவர். எதிராளிகள் எப்போதும் அந்த வகையின் மோசமான கதைகளையே எடுத்துக் காட்டி மொத்தத்தையும் இகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. விஞ்ஞானக் கதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பைதான், ஆனால் எந்தத் துறையை எடுத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பைதான் என்றார். கழிக்க வேண்டிய தோலைக் கழித்துவிட்டு, முதல் தரத்தை மேசைமேல் விரித்துப் போடுவதுதான் எங்கள் வேலை. மட்டமான கதையைத் தாங்கிப் பேசினீர்கள் என்றால், நாளைக்கு நல்ல கதையை நீங்கள் பாராட்டும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

3. பிழை கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லுங்கள்.

லாரி நிவன் 1970-ல் 'ரிங்வேர்ல்ட்' எழுதினார். ஒரு விண்மீனைச் சுற்றி வளையமாகக் கட்டப்பட்ட உலகம். கதைநாயகன் தொடக்கத்தில் பூமியில் தன் பிறந்தநாளை நீட்டித்துக்கொள்ள நள்ளிரவுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருப்பான். முதல் பதிப்பில் அவன் கிழக்கு நோக்கிப் போனான், போக வேண்டியதோ மேற்கு. அதை மறுபதிப்பில் திருத்தினார். 1971-ல் நடந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் "அந்த வளையம் நிலையாக நிற்காது" என்று நடைவழிகளில் கோஷம் போட்டார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி. நிவன் முகம் சுளிக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அந்த வளையத்தை நிலைநிறுத்துவதையே கருவாக வைத்து அதன் தொடர்ச்சி நாவலை எழுதினார்.

நம் ஜவ்வாது மலைமேலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, காவலூர் வானோக்ககத்தில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளி சற்று முன்னதாகவே ஒரு கணம் மங்கியதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்று முதலில் கருதினார்கள். மற்ற இடங்களில் கிடைத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகத்துக்குத் தெரிந்தது. திருத்தம் அவர்கள் பெருமையைக் குறைக்கவில்லை. விஞ்ஞானத்தின் மேல் ஆசை வைத்தவர்கள் அதன் இந்தக் குணத்தின் மேலும் ஆசை வைக்க வேண்டும்.

4. "சொன்னது பலித்தது" என்று வாதாடாதீர்கள்.

இது நம் ஆட்கள் எல்லோரும் எடுக்கிற ஆயுதம். இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதினாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது அவர் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரை, கதையல்ல. கதை பலிக்க வேண்டுமென்றால் அது ஜோசியமாகிவிடும். 'என் இனிய இயந்திரா' 2021, 2022-ல் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டுகள் வந்து போய்விட்டன. சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி வரவில்லை, இயந்திர நாய் ஜீனோவும் வரவில்லை. அதனால் அந்த நாவல் பொய்யாகிவிட்டதா? குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலையில் நிலா என்ற பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்று சுஜாதா கேட்டாரே, அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை. புத்தகங்களைத் தானே படித்துப் படித்து மனிதர்களைப் புரிந்துகொள்ளும் அந்த இயந்திர நாய்மேல் நமக்குப் பாசம் வருகிறதே, அது ஏன் என்ற கேள்வி இன்றைக்குத்தான் இன்னும் கூர்மையாக இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், போதும்.

5. புராணத்தைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

"நம்மிடம் அப்போதே புஷ்பக விமானம் இருந்தது" என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டல் வேண்டாம். கம்பனின் காவியத்துக்கு விஞ்ஞானத்தின் அத்தாட்சி தேவையில்லை, விஞ்ஞானக் கதைக்குக் காவியத்தின் அத்தாட்சியும் தேவையில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டால் இரண்டுக்கும் அவமதிப்பு. மரபைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பைப் படியுங்கள். சித்த மருத்துவம் போன்ற நம் அறிவு மரபுகளை எடுத்துக்கொண்டு, "இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வியாக ஆக்கியிருப்பார். கேள்வியாக வைத்தால் அது கதை. சாதித்துவிட்டதாகச் சொன்னால் அது வெறும் மார்தட்டல்.

6. "வெளிநாட்டுச் சரக்கு" என்றால் தேதியைச் சொல்லுங்கள்.

குரலை உயர்த்த வேண்டாம், இந்த விவரங்கள் போதும். அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே முதல் பத்திரிகையை ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கியது 1926-ல். அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1896-ல், வங்கத்தில் ஒரு தலைமுடித் தைல நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு கதை எழுதினார். தைலப் புட்டியைக் கடலில் எறிந்து புயலை அடக்கும் கதை. ரேடியோ அலைகளை ஆராய்ந்த அதே போஸ்தான். 1905-ல் ரொக்கையா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில். 1963-ல் 'கலை அரசி' படத்தில் எம்.ஜி.ஆர். வேற்றுலகத்துக்கே போய்விட்டு வந்தார். இது நேற்று இறக்குமதியான ஆசை இல்லை.

7. "நம் மண்ணுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் பாலாற்றைக் காட்டுங்கள்.

இந்தக் கேள்வியை மட்டும் மதித்துப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் இது நியாயமான கேள்வி. என் பதில் இது. நாங்கள் தோலை மெருகேற்றிய அதே வருஷங்களில் ஆற்றோரக் கிணறுகள் உப்பேறின. இந்தச் சாயமும் குரோமியமும் மண்ணுக்குள் போனால் இருபது வருஷம் கழித்து நம் பேரன் என்ன தண்ணீர் குடிப்பான் என்று அன்றைக்கே யாராவது கதையாக எழுதியிருந்தால், அது முதல் தரமான விஞ்ஞானக் கதையாக இருந்திருக்கும். எழுதவில்லை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுதல் வரும் என்பதற்கு முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும், கெடுத்தவரே சீராக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. முன்னெச்சரிக்கை என்றால் என்ன? இன்னும் நடக்காததை மனத்தில் நடத்திப் பார்ப்பது. விஞ்ஞானக் கதை செய்வதும் அதைத்தான். இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாகவே வேண்டும். சம்பந்தம் போதவில்லை என்று தோன்றினால், உத்திரகாவேரி ஓடும் இந்த ஊரை வைத்து நீங்களே எழுதுங்கள்.

8. யாரிடமும் சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள், யாரையும் திருப்பி இகழாதீர்கள்.

"தீவிர இலக்கியம் யாருக்குப் புரியுது?" என்று பதிலுக்குச் சீறுவது எளிது. அப்படிச் சீறினால் அவர்கள் செய்த அதே தவற்றை நீங்களும் செய்கிறீர்கள். சுஜாதாவே இலக்கியப் பத்திரிகையான 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தைப் பல ஆண்டுகள் எழுதியவர். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர். நீங்களும் சாப்பிடுங்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகர் செய்ததையும் நினைவில் வையுங்கள். 1974-ல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத்தின் கதைப் போட்டிக்கு எழுதியபோது, தன் பெயரின் புகழ் தீர்ப்பைக் கெடுக்கக் கூடாது என்று முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் அனுப்பினார். முதல் பரிசு கதைக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் உர்சுலா லெ குவின் 2014-ல் தேசியப் புத்தக அறக்கட்டளையின் பெரும் பதக்கத்தை வாங்கியபோது, இலக்கியத்துக்கு வெளியே நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்த தன் சக எழுத்தாளர்கள் எல்லோரோடும் அதைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார். அதுவரை அவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

9. உங்கள் வட்டத்துக்கு வேலி போடாதீர்கள்.

அடிபட்டவர்கள் கூடினால் முதலில் செய்வது வேலி போடுவது. புதிதாக வருபவனிடம் "அதைப் படிச்சிருக்கியா, இதைப் படிச்சிருக்கியா?" என்று பரீட்சை வைப்பது. "இந்தக் கதைகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?" என்று ஒருத்தி கேட்டால் அவளை வெளியாளாக்கிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து கேட்பவர்தான் நாளைக்கு உள்ளே வரப்போகிறவர்.

எங்கள் டேனரியில் ஊறல் தொட்டியில் வேலை செய்த ஒருவர், நான் சாப்பாட்டு வேளையில் படிப்பதைப் பார்த்து, "நாய் பேசுமாய்யா? வயசான காலத்துல இதைப் படிக்கிற" என்று தினமும் கேட்பார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இல்லை. பதில் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள், விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த தொடரை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தபடி, "கடைசி நாலு பக்கம் இல்லையே, அந்த நாய்க்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சாப்பாட்டோடு நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த பைண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விட்டுப்போன கடைசிப் பக்கங்களைப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் படிக்க அல்ல, அந்தக் கூட்டத்தில் பேசிய பெரியவருக்குக் கொடுக்க.