நீருக்குள் போன ஊரை ஒட்டுப்படமாக்க

பல புகைப்படங்களை வெட்டி ஒன்றாக ஒட்டுவதுதான் ஃபோட்டோமான்டேஜ். இடப்பெயர்வைப் பற்றி அப்படியொன்று செய்ய நினைப்பவர்கள் மேட்டூரை எடுத்துக்கொள்ளலாம். 1934இல் அணை கட்டி முடிந்தபோது காவிரிக் கரை ஊர்கள் நீருக்குள் போயின. மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும்.

முதல் வேலை படம் சேர்ப்பது. நிரம்பிய நீர்ப்பரப்பு, வற்றி வெடித்த தரை இரண்டையும் நீங்களே எடுத்துவிடலாம். மனிதர்கள்தான் கடினம். குடிபெயர்ந்த குடும்பங்களிடம் பழைய படம் இருந்தால், அனுமதி கேட்டு அங்கேயே செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை வாங்கி வராதீர்கள். பல வீடுகளில் படமே இருக்காது. பழைய ஊரிலிருந்து வந்த கதவோ உரலோ இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் முகம்தான்.

பளபளப்பில்லாத தாளில் அச்செடுங்கள். பழுப்பு நிறம் ஏற்றிப் பழசாக்க வேண்டாம். ஏக்கம் மட்டுமே மிஞ்சும்.

அடுத்து, நீர்க்கோடு. கெட்டி அட்டையில் அதை எங்கே வரைகிறீர்கள் என்பதில்தான் படத்தின் கருத்தே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஊரை மட்டும் வைத்தால் ஒப்பாரி ஆகிவிடும், அவ்வளவுதான். வழக்கமாக ஜூன் 12இல் அணையிலிருந்து திறக்கும் இதே தண்ணீரில்தான் காவிரி டெல்டாவில் குறுவை நெல் விளைகிறது. ஆகவே நாற்று நடும் வயலையும் அதே படத்துக்குள் கொண்டுவாருங்கள். மூழ்கிய வாசலிலிருந்தே வரப்பு தொடங்கட்டும். நீரை வில்லனாக்கும் படம் பாதி உண்மைதான் சொல்லும்.

மார்த்தா ராஸ்லர் என்ற அமெரிக்கக் கலைஞர், வியட்நாம் போர்க் காட்சிகளைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி அமெரிக்க வரவேற்பறைப் படங்களுக்குள் ஒட்டினார். பார்வைக் கோணம் பொருந்தியதால்தான் அவை உறுத்தின. நீங்களும் வெளிச்சம் விழும் பக்கத்தையும் அடிவானத்தையும் ஒத்துப்பாருங்கள்.

புது பிளேடால் வெட்டி, பின்பக்க ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளை விளிம்பு தெரியாது. உடனே ஒட்ட வேண்டாம். அடுக்கி, செல்போனில் படமெடுத்து, படம் தந்த குடும்பத்திடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்த முகத்தை எடுத்துவிடுங்கள். பிறகு பசைக்குச்சியால் ஒட்டலாம். நீர்த்த பசை தாளைச் சுருக்கும்.

கடைசியாக, அடியில் ‘ஒட்டுப்படம்’ என்று எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போனால் அசல் என்று சத்தியம் செய்யவும் ஆள் இருக்கிறது.